பியூஸுக்குப் பதில் வெள்ளித் தாள்

பியூஸ் அடிக்கடி போகிறதா? சிகரெட் டப்பாவின் வெள்ளித் தாளை அதன்மேல் சுற்றி மாட்டிவிடு. துடுப்பு பந்தைத் தள்ளத் திணறுகிறதா? எண்ணெய் ஸ்பிரே அடி. தொடுமுனை கறுத்துவிட்டதா? உப்புத்தாளால் பளபளவென்று தேய். திரை அணைந்துவிட்டதா? பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டு. அமெரிக்காவில் பழைய பின்பால் இயந்திரங்களையும், காசு போட்டு ஆடும் ஆர்கேட் வீடியோ விளையாட்டு இயந்திரங்களையும் சேகரித்துப் பழுதுபார்ப்பவர்கள் கூடிவிட்டால், இப்படிப்பட்ட யோசனைகளைப் போட்டிபோட்டுச் சொல்லிச் சிரிப்பார்கள்.

சிரிப்பதில் தவறில்லை. சிரித்துவிட்டு அத்தோடு விட்டுவிடுவதுதான் தவறு. புதிதாக ஓர் இயந்திரத்தை வாங்கி வந்தவருக்கு எது வேடிக்கை, எது வைத்தியம் என்று தெரியாது. அதைவிட முக்கியமாக, இந்த யோசனைகளில் பெரும்பாலானவை முட்டாள்தனத்தில் பிறந்தவையே அல்ல. ஏதோ ஓர் இயந்திரத்தில், ஏதோ ஒரு சூழலில் பலித்த வைத்தியம் அது. காரணத்தை அங்கேயே விட்டுவிட்டு யோசனை மட்டும் அடுத்த இயந்திரத்துக்குப் போனதில்தான் கேடு வந்தது.

கண்ணாடி மூடிய சாய்வுப் பலகை, அதில் உருளும் சுமார் 80 கிராம் எஃகுக் குண்டு, அதைக் கீழே விழவிடாமல் தட்டி மேலே அனுப்பும் துடுப்புகள்: இதுதான் பின்பால். சிகாகோ நகரத்தின் தொழில் இது. காட்லீப் நிறுவனம் 1931ல் ‘பேஃபிள் பால்’ என்ற விளையாட்டை விற்கத் தொடங்கியபோது துடுப்பே கிடையாது. அது 1947ல் அதே நிறுவனத்தின் ‘ஹம்ப்டி டம்ப்டி’யில்தான் வந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி வரை உள்ளே ரிலேக்களும் மோட்டாரும் தகட்டு ஸ்விட்சுகளும்தான். அதன்பின் சில்லுகள் புகுந்தன. 1992ல் வந்த ‘ஆடம்ஸ் ஃபேமிலி’ 20,000க்கும் மேல் விற்றது. ஏழே ஆண்டுகளில், 1999ல், அதைத் தயாரித்த வில்லியம்ஸ் நிறுவனம் பின்பால் தொழிலையே மூடிவிட்டது. ஆகவே இன்று மிஞ்சியிருக்கும் பழைய இயந்திரம் ஒவ்வொன்றையும் அதன் சொந்தக்காரரோ, பக்கத்து ஊர் மெக்கானிக்கோதான் காப்பாற்ற வேண்டும். தவறான யோசனை அங்கேதான் நுழைகிறது.

துடுப்பையே எடுத்துக்கொள்ளலாம். அதை அசைப்பது ஒரு காயில். எண்பதுகள் வரையிலான இயந்திரங்களில் அந்தக் காயிலில் இரண்டு சுற்றுகள் இருக்கும். தடித்த கம்பிச் சுற்று பந்தை அடிக்கும் பலத்தைத் தருகிறது. மெல்லிய கம்பிச் சுற்று, விரல் பொத்தானில் இருக்கும்வரை துடுப்பைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. துடுப்பு மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு சிறு ஸ்விட்ச் திறந்து, மெல்லிய சுற்றையும் மின்சாரத்தின் பாதையில் சேர்த்துவிடும். பரவலாகப் பயன்பட்ட ஒரு வில்லியம்ஸ் காயிலில் தடித்த சுற்றின் மின்தடை 5 ஓமுக்கும் குறைவு. மெல்லியதன் மின்தடை சுமார் 160 ஓம். 50 வோல்ட் என்று வைத்துக் கணக்குப் போட்டால், அடிக்கும் கணத்தில் ஏறத்தாழ 500 வாட் பாய்கிறது. பிடித்திருக்கும்போது 15 வாட்தான். அந்த 500 வாட் கண்ணிமைக்கும் நேரத்துக்கு மட்டுமே என்று கணக்கிட்டுச் செய்யப்பட்ட காயில் அது.

ஆண்டுகள் ஓடியபின் அந்தச் சிறு ஸ்விட்சின் முனை கறுத்துவிடும். மூடியிருக்கும்போதே மின்சாரம் சரியாகப் போகாது. துடுப்பு சோர்ந்துவிடும். அப்போது ஒருவர் சொல்வார்: “ஸ்விட்சை வளைத்து, திறக்கவே முடியாதபடி செய்துவிடு.” செய்தால் துடுப்பு அன்றைக்குப் புலிபோலப் பாயும்! யோசனை சொன்னவருக்கு நல்ல பெயரும் கிடைக்கும். ஆனால் யாராவது பந்தைத் துடுப்பில் நிறுத்திவைத்துக் குறிபார்த்தால், 500 வாட் விநாடிக்கணக்கில் ஓடும். காயிலின் உறை கருகி, உள்ளே இருக்கும் குழல் இளகி, துடுப்பு இறுகிப்போகும். யோசனை சொன்னவர் அந்த நேரம் அங்கே இருப்பதில்லை. தவறான யோசனைகள் இத்தனை காலம் உயிரோடு இருப்பதற்கு இதுவே காரணம்: அவை முதல் நாள் பலிக்கின்றன.

பியூஸ் விஷயமும் இதேதான், அபாயம் மட்டும் பல மடங்கு. சில்லுகள் வந்தபின் காயில்களை இயக்குவது டிரான்சிஸ்டர். அது கெடும்போது பெரும்பாலும் திறந்த நிலையில் கெடாது; மூடிய நிலையில் ஒட்டிக்கொள்ளும். அதாவது யாரும் பொத்தானைத் தொடாமலேயே காயிலில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஒட்டுப்பலகைப் பெட்டிக்கும் நெருப்புக்கும் நடுவே நிற்பது பியூஸ் ஒன்றுதான். பியூஸ் எரிவது கோளாறல்ல, கோளாறு இருக்கிறது என்ற தகவல். அதன்மேல் வெள்ளித் தாளைச் சுற்றுவதும், நம் வீடுகளில் பீங்கான் பியூஸ் கட்டையில் ஒற்றை இழைக்குப் பதில் கட்டுக்கம்பியைச் சுற்றிவைத்ததும் ஒரே காரியம். இதில் மட்டும் ‘வேறு இயந்திரத்தில் சரியாக இருந்திருக்கலாம்’ என்ற சலுகைக்கு இடமே இல்லை. எந்த இயந்திரத்திலும் அது தவறு.

தொடுமுனைகளைத் தேய்ப்பது அப்படியல்ல. ரிலே காலத்து இயந்திரங்களில் முனைகள் வெள்ளியால் ஆனவை. துடுப்பு ஸ்விட்சில் டங்ஸ்டன். பொறி பறந்து பறந்து கருகும் இடங்கள் அவை. மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் மறுபடி உயிர்பெறும். அந்தக் காலத்து மெக்கானிக்கின் பையில் அரம் இருந்தது அதற்காகத்தான். சில்லு காலத்து ஆட்டப்பலகை ஸ்விட்சுகளிலோ சில வோல்ட்டுகள் மட்டுமே ஓடுகின்றன. பொறி கிடையாது. அதனால் முனைக்கு மெல்லிய தங்கப் பூச்சு கொடுத்தார்கள். அங்கே அரத்தையோ உப்புத்தாளையோ வைத்தால் தங்கம் போய், அடியிலிருக்கும் உலோகம் காற்றுப்பட்டுக் கறுக்கும். அதற்குத் தேவை ஒரு விசிட்டிங் கார்டு. முனைகளுக்கு நடுவே அதை வைத்து, மெல்ல அழுத்தி உருவினால் அழுக்கு வந்துவிடும். தேய்க்கச் சொன்ன பழைய மெக்கானிக் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது 1965ன் இயந்திரத்துக்கு.

இதையெல்லாம் விடத் தெளிவான உதாரணம் பேட்டரி. பேலி நிறுவனம் 1977 முதல் தன் பின்பால் இயந்திரங்களின் மூளைப் பலகையில், அதிகபட்சப் புள்ளிகளை நினைவில் வைக்க ஒரு 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் பற்றவைத்தது. பல ஆண்டுகள் கழித்து அது கசியும். கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. செம்புத் தடங்களையும் சில்லுகளின் கால்களையும் அரித்துத் தின்றுவிடும். எனவே பழைய பேலி இயந்திரம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை பேட்டரியை வெட்டி எடுப்பது. கசிந்த இடத்தை வினிகரால் துடைத்து, தண்ணீரால் கழுவிக் காயவைப்பது அடுத்த வேலை. பின்பால்காரர்களிடையே இதைவிட உறுதியான நல்லுரை கிடையாது.

அதே நல்லுரையை ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993ல் கொண்டுவந்த ‘சிபிஎஸ் 2’ என்ற ஆர்கேட் பலகையில் கடைப்பிடித்தால், விளையாட்டு அந்த நிமிடமே செத்துவிடும். ‘சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ ஓடியது அந்தப் பலகையில்தான். நகலெடுப்பவர்களைத் தடுக்க கேப்காம் விளையாட்டின் நிரலைப் பூட்டி, சாவியைப் பேட்டரியால் உயிர்வாழும் நினைவகத்தில் வைத்தது. பேட்டரி நின்றால் சாவி அழியும். பிறகு இயந்திரத்தைப் போட்டால் வெறும் வண்ணத் திரைதான் தெரியும். சேகரிப்பாளர்கள் அதைத் தற்கொலைப் பேட்டரி என்றே அழைத்தார்கள். ஆர்வலர்கள் பல ஆண்டுகள் உழைத்து அந்தப் பூட்டின் கணக்கைக் கண்டுபிடித்தார்கள்; 2016ல் சாவியைத் திரும்ப ஊட்டும் வழியும் கிடைத்தது. அதற்குள் எத்தனையோ பலகைகள் ஊமையாகிவிட்டன. ‘பேட்டரியை உடனே எடு’ என்ற அதே மூன்று சொற்கள் ஒரு பலகைக்கு மருந்து, இன்னொன்றுக்கு மரணம்.

ஸ்பிரே விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டபிள்யூடி 40 என்ற புகழ்பெற்ற திரவம் 1953ல் சான் டியேகோவில், ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பதற்காக உருவானது. அட்லஸ் ஏவுகணையின் மேலுறையைக் காத்த சரக்கு அது. அந்த வேலையில் அதற்குக் குறை சொல்ல முடியாது. துடுப்புக் காயிலின் நைலான் குழலோ உலர்ந்த நிலையில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. அதில் எண்ணெய் பட்டால் தூசியைப் பிடித்துக் கறுப்புக் கூழாக்கிவிடும். தவிர, பக்கத்திலேயே பொறி பறக்கும் ஸ்விட்சு இருக்கிறது. ஸ்பிரே எளிதில் தீப்பிடிக்கும். ஓங்கித் தட்டுவதும் சில நேரம் பலிக்கும். சில்லு தன் பொருத்தியிலிருந்து சற்றே எழும்பியிருந்தால் அதிர்வில் உட்காரும். 1980ல் வந்த ஆப்பிள் 3 கணினிக்கு, சில அங்குலம் தூக்கிக் கீழே போடும்படி அந்த நிறுவனமே யோசனை சொல்லியிருக்கிறது. ஆனால் சில்லைக் கையால் அழுத்தி உட்காரவைத்தால் அடிக்கே தேவையில்லை.

விளையாட்டாகவும் பேசக் கூடாத இடம் ஒன்று உண்டு. பழைய ஆர்கேட் இயந்திரத்தின் பிக்சர் டியூபில் சுமார் 20,000 வோல்ட் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். ‘நேற்றே அணைத்துவிட்டேன், பயமில்லை’ என்பது யோசனையல்ல, கொலைக் கருவி. பல மானிட்டர்களுக்கு மின்சாரம் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் வழியாகவே வர வேண்டும். அதை நீக்கிவிட்டு நேராக மின்சாரம் கொடுத்தாலும் படம் தெரியலாம்; ஆனால் தகட்டைத் தொட்டால் உயிர் போகலாம். எர்த் கம்பியை வெட்டிவிடச் சொல்வதும் இதே வகைதான். இவற்றை வேடிக்கைப் பட்டியலில் சேர்ப்பவர்கள் அதைக் கைவிட வேண்டும்.

ஒரு யோசனை கேட்க வினோதமாக இருக்கிறது என்பதற்காகவே அது தப்பாகிவிடுவதில்லை. அழுக்கேறிய ஆர்கேட் பலகையைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டு எடுப்பதாகச் சிலர் சொல்வார்கள். கேட்பவர் வாயைப் பிளப்பார். ஆனால் தொழிற்சாலையிலேயே சால்டரிங் முடிந்த பலகைகளைத் தண்ணீரால் கழுவுவது உண்டு. மின்சாரம் இல்லாதபோது நல்ல தண்ணீர் பலகையைக் கெடுப்பதில்லை. பேட்டரியைக் கழற்றி, ஈரம் தங்கும் சிறு ஸ்விட்சுகளைக் கவனித்து, முழுக்கக் காயவைத்தால் பலகை பிழைக்கும். அந்தப் பேட்டரி கேப்காமுடையதாக இல்லாதவரை!

முதல் புகழ்பெற்ற ஆர்கேட் பழுது எப்படித் தீர்ந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1972ல் கலிபோர்னியாவின் சன்னிவேலில் ஒரு மதுக்கூடத்தில் அடாரி வைத்த ‘பாங்’ இயந்திரம் நின்றுவிட்டது. அதைச் செய்த பொறியாளர் ஆலன் ஆல்கார்ன் போய்த் திறந்தார். நாணயப் பெட்டி நிரம்பி வழிந்திருந்தது. அவர் தட்டவில்லை, தேய்க்கவில்லை, திறந்து பார்த்தார்.

ஆகவே அனுபவசாலிகளிடம் ஒரு வேண்டுகோள். தப்பு யோசனைகளைச் சொல்லிச் சிரியுங்கள். அடுத்த வரியிலேயே அது ஏன் தப்பு, எந்த இயந்திரத்தில் அது சரியாக இருந்தது என்பதையும் சொல்லுங்கள். யோசனை சொல்லும்போது இயந்திரத்தின் பெயரும் ஆண்டும் இல்லாமல் சொல்லாதீர்கள். பழைய இயந்திரம் கையில் கிடைத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: எந்த இடத்தில் எத்தனை ஆம்பியர் பியூஸ் என்பதைத் தயாரித்தவர்களே கையேட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். மின்சுற்று வரைபடமும் அதோடு வந்தது. கையேடு தொலைந்திருந்தால் முதலில் அதைத் தேடிப் பிடியுங்கள். ஸ்க்ரூ டிரைவரை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.