நாட்டு மருந்துதானே, தினமும் சாப்பிடலாமா? வயிறு சுத்தமாக்கும் பொடியில் என்ன இருக்கிறது?

'காலையில போகவே மாட்டேங்குது.' நெருங்கிய நண்பர்களிடம்கூடச் சொல்லக் கூச்சப்படும் பிரச்னை மலச்சிக்கல். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை, குறைவான தண்ணீர், இரவு பரோட்டா என்று காரணங்கள் பல. பலரும் தேடிப்போவது நாட்டு மருந்துக் கடைப் பொடியைத்தான். 'இயற்கைதானே, சைடு எஃபெக்ட் இருக்காது' என்று தினமும் ஒரு ஸ்பூன் போட்டுக்கொள்கிறார்கள். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பொடிக்குள் என்ன?

இத்தகைய பொடிகள் பலவற்றில் முக்கியச் சரக்கு நிலவாகை இலை. திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரத்தில் விளையும் இது, உலகச் சந்தையில் 'டின்னவெல்லி சென்னா' என்று நெல்லையின் பெயரிலேயே விற்பனையாகிறது.

இலையில் உள்ள சென்னோசைடு என்ற பொருளைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் உடைக்கின்றன. அப்போது உருவாகும் பொருள் குடலைத் தூண்டிச் சுருங்க வைக்கிறது. 6 முதல் 12 மணி நேரத்தில் பலன் தெரியும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சில மலமிளக்கி மாத்திரைகளில் இருப்பதும் இதே சென்னோசைடுதான்.

தினமும் சாப்பிட்டால்?

ஓரிரு நாளுக்கு இது நல்ல மருந்து. ஒரு வாரத்துக்கு மேல் தேவைப்பட்டால் டாக்டரைக் கேட்க வேண்டும். அளவு மீறினால் வயிற்றுவலி, பேதி வரும். உடலில் பொட்டாசியம் குறையலாம். இதய நோய்க்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு இது ஆபத்து. கர்ப்பிணிகளும் தாங்களாக எடுக்கக் கூடாது.

இசப்கோல் வேறு ரகம். இது குடலைத் தூண்டுவதில்லை. தண்ணீரை இழுத்து, உப்பி, மலத்தை இளக்குகிறது. ஆனால், ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடிக்காவிட்டால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளலாம். அன்றாடத்துக்குக் கீரை, கொய்யா, தண்ணீர், கொஞ்சம் நடை போதும்.

எப்போது டாக்டர்?

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை குறைவு, வாந்தியோடு வயிற்று உப்புசம், 50 வயதுக்கு மேல் திடீர் மாற்றம் என்றால் எந்தப் பொடியையும் நம்பி நாள் கடத்தக் கூடாது.

நாட்டு மருந்து வேலை செய்கிறது என்று நம்புகிறோம். வேலை செய்யும் எதற்கும் அளவு உண்டு. மாத்திரை அட்டையைத் திருப்பிப் படிப்பது போலப் பொடி டப்பாவையும் படிக்க வேண்டும். பெயரே எழுதாத பொட்டலம் என்றால், 'இதில் என்னென்ன சேர்த்திருக்கீங்க?' என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் அந்தப் பொட்டலம் வேண்டாம்.