தியாகம் என்னும் போர்வை

தல்லாகுளத்திலிருந்து கோரிப்பாளையம் செல்லும் சாலையில் காலைவேளையில் நிற்போருக்கு அக்காட்சி புதிதன்று. அரசு இராசாசி மருத்துவமனையிலும் சுற்றியுள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இரவுப் பணி முடித்த செவிலியர் பேருந்துக்காகக் காத்து நிற்பர். செவிலியர் நாளாகிய மே 12 அன்று அவர்களை மேடையேற்றி, தியாகச் சுடர்கள் என்று பொன்னாடை போர்த்துகிறோம். சுடர் எரிய எண்ணெய் வேண்டுமே என்று கேட்பாரில்லை.

அவர்களுள் ஒருவர் ஒருநாள் நோயாளியிடம் எரிந்து விழுகிறார். அல்லது எரிச்சலும் இன்றி, உயிரற்ற முகத்தோடு ஊசி போட்டுவிட்டு நகர்கிறார். உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்: செபம் குறைந்துவிட்டது, அர்ப்பணம் போய்விட்டது. இத்தீர்ப்பு அநீதியானது, அறியாமையும் கூட.

நியூயார்க்கின் இலவச மருத்துவ நிலையமொன்றில் தொண்டாற்றிய உளவியலாளர் ஹெர்பர்ட் பிராய்டன்பர்கர் இப்பணிச்சோர்வைப் பற்றி 1974இல் எழுதினார். தம் உடன் உழைத்தோரிடமும் தம்மிடமும் அவர் கண்டது என்ன? சோம்பேறிகள் அல்லர், முழு மனத்தோடு தம்மை அள்ளிக் கொடுத்தவர்களே இதற்கு எளிதில் இரையாயினர். அர்ப்பணம் இல்லாததால் வருவதன்று இது. அர்ப்பணத்தைக் கணக்கின்றிச் செலவழிக்க விட்டதால் வருவது. உலக நலவாழ்வு நிறுவனமும் 2019இல் இதனை நோய் என்னாது, பணிசார்ந்த நிலை என்றே வகுத்தது. ஆற்றல் வற்றுதல், பணியிலிருந்து மனம் விலகிக் கசத்தல், செய்வதில் பயனில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். சீர்செய்யப்படாத பணியிட அழுத்தமே காரணம்.

பணியிடத்தின் நிலையோ நாடறிந்தது. 2015இல் நம் மாநில அரசு ஆயிரக்கணக்கான செவிலியரை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தியது. நிரந்தரம் கேட்டு அவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் திரண்டபோது, நோயாளிகளைக் கைவிட்டார்களே என்று அங்கலாய்த்தவர் நம்மில் எத்தனை பேர்! உச்ச நீதிமன்ற ஆணையின்படி அமைந்த வல்லுநர் குழு 2016இல் தனியார் மருத்துவமனைகளுக்கும் அளவு சொன்னது: 200 படுக்கைகளுக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம், 50 படுக்கைகளுக்குக் கீழ் இருந்தாலும் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது. புனிதர்களின் பெயர் தாங்கிய நம் மருத்துவமனைகள் தம் ஊதியப் பதிவேட்டை இதனருகே வைத்துப் பார்க்கட்டும். 'இது வேலையன்று, இறையழைத்தல்' என்ற சொல், ஆள் பற்றாக்குறையை மூடும் போர்வையாகக் கூடாது.

விவிலியம் அறிந்த நமக்கு எலியா நினைவுக்கு வரவேண்டாமா? சூரைச் செடியின் அடியில் படுத்துச் சாவை வேண்டிய இறைவாக்கினரை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. உறங்க விட்டார். வானதூதர் சுட்ட அப்பமும் நீரும் தந்தார். மீண்டும் உறங்கியவரை எழுப்பி மறுமுறையும் உண்பித்தார். ஓரேபு மலைப் பயணம் அதன் பின்னரே. அங்கும் தனியே உழைக்க விடாமல் எலிசாவைத் துணையாகக் காட்டினார். உறக்கம், உணவு, உடனுழைக்க ஓர் ஆள் என்ற இவ்வரிசையைத் தலைகீழாக்கி, இரவெல்லாம் விழித்தவரைக் காலையில் தியான வகுப்புக்கு அழைப்பது நம் வழக்கமாகிவிட்டது. தியானத்தை நாம் பழிக்கவில்லை. வார ஓய்வு கிட்டாதவருக்கு அது இன்னொரு பணிநேரம்.

வரும் மே 12 அன்று பொன்னாடை வேண்டாம். நம் மருத்துவமனைகளின் ஆட்சிக்குழுவில் அமர்ந்திருக்கும் பொதுநிலையினர் அன்றைய இரவுப் பணிப் பட்டியலைக் கேட்டு வாங்கி, எத்தனை படுக்கைக்கு எத்தனை பேர் என்று எண்ணட்டும்.