வேலை போன பிறகா பயிற்சி?

நாட்டில் இருந்த 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கிய புதிய சட்டங்கள் 2025-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி முதல் அமலுக்கு வந்திருக்கின்றன. குறைந்தபட்சக் கூலி, பி.எப்., கிராஜுவிட்டி, ஆட்குறைப்பு பற்றிய ஷரத்துகளே எங்கும் பேசப்படுகின்றன. அதிகம் பேசப்படாத ஒரு ஷரத்தும் அவற்றில் உண்டு. அது தொழிலாளியின் பயிற்சி பற்றியது. தாராவிப் பட்டறைகளிலும், செம்பூர் ஆலைகளிலும், கோட்டைப் பகுதி ஆபீசுகளிலும் வேலை செய்யும் தமிழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

அரை மாதச் சம்பளம்

தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, வேலை இழந்தவர் புதிய தொழில் கற்பதற்கென்று ஒரு நிதிக்கு வழி செய்திருக்கிறது. ஆட்குறைப்பு செய்யப்படும் ஒவ்வொரு தொழிலாளிக்கும், அவர் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 15 நாள் தொகையை முதலாளி இந்த நிதியில் கட்ட வேண்டும். 45 நாட்களுக்குள் அது தொழிலாளியின் கணக்கில் சேர வேண்டும். வழக்கமான ஆட்குறைப்பு நஷ்ட ஈட்டுக்கு மேல் கிடைக்கும் தொகை இது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் மாதம் ரூ.16,000 வாங்குகிறவருக்கு இதில் கிடைப்பது சுமார் ரூ.8,000. அறை வாடகையும், ஊருக்கு அனுப்ப வேண்டிய பணமும் போக மிச்சத்தில் எந்தத் தொழிலைக் கற்பது? அதைவிட முக்கியமான குறை, பணம் வேலை போன பிறகே வருகிறது என்பதாகும். வேலை போன பின் கிடைக்கும் பயிற்சிக்கும், வேலையில் இருக்கும்போதே கிடைக்கும் பயிற்சிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை இந்த நகரமே கண்டிருக்கிறது.

ஒரே நகரம், இரண்டு அனுபவங்கள்

1982-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சுமார் 2½ லட்சம் பேர் பங்குகொண்ட போராட்டம் அது. ஆலைத் துணியின் இடத்தை விசைத்தறித் துணி பிடித்துக்கொண்டிருந்த காலம். பல்லாயிரம் பேர் அதன் பிறகு ஆலைக்குள் திரும்பவே இல்லை. தறி ஓட்டிப் பழகிய கைக்கு வேறு தொழில் கற்றுத்தர முன்னேற்பாடு எதுவும் இருக்கவில்லை. 1992-ல் மத்திய அரசு தேசியப் புதுப்பித்தல் நிதியை ஏற்படுத்தியது. மறுபயிற்சியும் அதன் நோக்கங்களில் ஒன்று. ஆனால் பணத்தின் பெரும்பகுதி பொதுத்துறை நிறுவனங்களின் விருப்ப ஓய்வுத் தொகைக்கே போய்ச் சேர்ந்தது.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் வங்கிகளில் நடந்தது வேறு. இயந்திரம் வரப்போகிறது என்றதும் வங்கி ஊழியர் சங்கங்கள் முதலில் எதிர்த்தன. பிறகு பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தன. 1983-லும் 1993-லும் இந்திய வங்கிகள் சங்கத்துடன் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. எந்த இயந்திரம், எந்தக் கிளையில், அதை இயக்குபவருக்கு என்ன அலவன்ஸ் என்பதெல்லாம் எழுத்தில் வந்தன. பேரேடு எழுதிய குமாஸ்தாக்களே கம்ப்யூட்டர் விசைப்பலகைக்கு மாறினார்கள். 2000-2001 விருப்ப ஓய்வில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வங்கி ஊழியர்கள் வெளியேறியது உண்மைதான். ஆனாலும் பஞ்சாலைத் தொழிலாளியைப் போல அவர்கள் வெறுங்கையுடன் தெருவில் நிற்கவில்லை.

இரு சாராருக்கும் உழைப்பில் வித்தியாசம் இல்லை. ஒரு பக்கம் பயிற்சி பற்றிய பேச்சு இயந்திரத்துக்கு முன்னால் வந்தது. மறுபக்கம் வரவே இல்லை.

சொந்தச் செலவில் கற்றவர்கள்

மும்பைத் தமிழருக்குத் தொழில் கற்றுத்தந்தவர் பெரும்பாலும் முதலாளி அல்ல. ஊரில் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹாண்ட் லோயர், ஹையர் பாஸ் செய்துவிட்டு ரயில் ஏறியவர்கள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தங்கி வேலை தேடினார்கள். அந்தப் பயிற்சிக்கான செலவு அவர்களுடையது. தாராவித் தோல் பட்டறைக்கு வந்த பையன் உஸ்தாதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பசை தடவி, நூல் கோத்து, கண்ணால் பார்த்தே தொழில் கற்றான். அந்தப் பயிற்சிக்குக் கொடுத்த விலை அவனுடைய குறைந்த கூலி.

இந்தக் கல்வியை மட்டமாகக் கருத முடியாது. ஆனால் அதற்குக் கையில் காகிதம் இல்லை. இருபது ஆண்டு பை தைத்தவரும் வேறு கம்பெனி வாசலில் "அனுபவச் சான்று எங்கே?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் திரும்புகிறார். 2015-ல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி கௌசல் விகாஸ் திட்டத்தில், ஏற்கெனவே தெரிந்த தொழிலைச் சோதித்துச் சான்றிதழ் தருவதற்கும் வழி வகுக்கப்பட்டது. தாராவி போன்ற இடங்களுக்கு இத்தகைய ஏற்பாடு மிக அவசியம்.

மேஸ்திரிக்கு யார் கற்றுத்தருவது?

நன்றாக வேலை செய்பவரையே சூபர்வைசர் ஆக்குவது வழக்கம். வேலை தெரிந்தவருக்கெல்லாம் வேலை கற்றுத்தரவும் தெரியும் என்று சொல்வதற்கில்லை. புதியவன் தவறு செய்தால் திட்டுவதும், அவசரமானால் கருவியைப் பிடுங்கித் தானே செய்துவிடுவதும் பல மேஸ்திரிகளின் வழக்கம். பையன் கற்பது தாமதமாகிறது, சரக்கு வீணாகிறது, விரலும் போகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா இந்தப் பிரச்னையைச் சந்தித்தது. ஆயுதத் தொழிற்சாலைகளில் புதிய ஆட்கள் குவிந்தார்கள். கற்றுத்தரப் போதிய ஆள் இல்லை. எனவே தொழிலாளிக்கு முன்னதாகப் போர்மேன்களுக்குப் பயிற்சி தந்தார்கள். 1940 முதல் 1945 வரை 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தப் பயிற்சி பெற்றனர். முறை எளியது: புதியவனின் பயத்தைப் போக்கு, வேலையைப் படிப்படியாகப் பிரித்து, காரணத்துடன் செய்து காட்டு, அவனையே செய்யச் சொல்லி, சொல்லவும் வை, பிறகு அடிக்கடி போய்ப் பார். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உதவியோடு 1950-களில் இது பம்பாய்க்கும் வந்தது.

தாராவிக்கு அருகிலேயே சயானில் மத்திய தொழிலாளர் நிலையம் இருக்கிறது. பவாயில் 1963-ல் தொடங்கிய தொழில் பொறியியல் பயிற்சி நிறுவனம் 2023-ல் ஐ.ஐ.எம். மும்பை ஆகிவிட்டது. பெரிய கம்பெனி அதிகாரிகளுக்கு இந்த நகரில் பயிற்சிக்குப் பஞ்சமில்லை. எட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறையின் மேஸ்திரிக்குத்தான் பள்ளிக்கூடம் இல்லை.

ரூ.18,000 கோடு

சூபர்வைசர் பதவியில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேற்பார்வை வேலையில் மாதம் ரூ.18,000-க்கு மேல் சம்பளம் வாங்குபவர் தொழில் உறவுச் சட்டத்தின்படி "தொழிலாளி" அல்ல. பழைய சட்டத்தில் இந்த வரம்பு ரூ.10,000. கோட்டைத் தாண்டியவருக்கு ஆட்குறைப்புப் பாதுகாப்பும் இல்லை. மேலே சொன்ன நிதியும் இல்லை. பதவியின் பெயரை விட, செய்யும் வேலையின் தன்மையே முக்கியம் என்று நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கூறிவருகின்றன. ஆகவே பதவி உயர்வுக் கடிதம் வரும்போது சம்பளத்தை மட்டும் பார்த்தால் போதாது. என்ன வேலை என்று எழுதியிருப்பதையும் படித்துப் பார்க்க வேண்டும்.

அப்ரண்டிஸ் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. 1961-ம் ஆண்டுச் சட்டப்படி அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவரே தவிர, தொழிலாளி அல்ல. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுக்க முதலாளி கட்டுப்பட்டவரும் அல்ல. ஆனால் எழுத்து மூலமான ஒப்பந்தமும், உதவித்தொகையும், வேலையில் காயம்பட்டால் நஷ்ட ஈடும் அவருக்கு உண்டு. ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் "டிரெய்னி" என்று வைத்துக்கொள்வது பயிற்சி ஆகாது. அது மலிவான கூலி.

செய்ய வேண்டியது

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களில் நியமனக் கடிதம் கொடுப்பது இப்போது கட்டாயம். அதைக் கேட்டு வாங்குவது முதல் வேலை. அந்தக் காகிதம் இல்லாவிட்டால் ஆட்குறைப்பை நிரூபிப்பது கடினமாகலாம். பயிற்சி நிதியைப் பெறுவதும் சிரமமாகலாம். பாதுகாப்பாக வேலை செய்யத் தேவையான பயிற்சி தருவது முதலாளியின் கடமை என்பது, போபால் விபத்துக்குப் பின் 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட விதி. புதிய சட்டத்திலும் அந்தக் கடமை இருக்கிறது. ஆலைகளில் இதைக் கேட்பது சலுகை கோருவது ஆகாது.

தொழிற்சங்கங்கள் போனசுக்கும் பஞ்சப்படிக்கும் கோரிக்கைப் பட்டியல் கொடுக்கின்றன. புதிய இயந்திரம் வருமுன் யாருக்கு, எத்தனை நாள், சம்பளத்தோடு பயிற்சி என்ற வரியும் அதில் இடம்பெற வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான பட்டறைகளுக்கு நியமனக் கடிதம், பாதுகாப்புப் பயிற்சி பற்றிய விதிகள் பொதுவாகப் பொருந்துவதில்லை. அங்கே தமிழ்ச் சங்கங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்தலாம். தொழில் தெரிந்தவர்களுக்குச் சான்றிதழ் பெற வழிகாட்டலாம்.

வேலை போன பின் வரும் 15 நாள் சம்பளம் ஆறுதல் தரும். வேலையில் இருக்கும்போது கிடைக்கும் 15 நாள் பயிற்சி அந்த வேலையையே காப்பாற்றக்கூடும். எதைக் கேட்பது என்பதைத் தொழிலாளர்கள் இப்போதே முடிவு செய்ய வேண்டும்.