இறைச்சி ஆடையும் செனட் விதியும்

2010 செப்டம்பர் 12 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த எம்டிவி விருது விழாவுக்குப் பாடகி லேடி காகா நான்கு பேரை உடன் அழைத்துவந்தார். நால்வரும் அமெரிக்கப் படைகளில் இருந்தவர்கள். தன்பாலீர்ப்பாளர்கள் என்பதால் சீருடையைக் கழற்ற நேர்ந்தவர்கள். அன்றிரவு காகா உடுத்திய பச்சை மாட்டிறைச்சி ஆடையைப் பற்றி உலகமே பேசியது. அந்த நால்வர் யார் என்று இன்று கேட்டால் பதில் சொல்ல ஆள் தேட வேண்டும்.

அவர்களில் ஒருவர் விமானப் படை மேஜர், 13 ஆண்டுகள் பணியில் இருந்தவர். இராக்கில் அவர் பயன்படுத்திய அரசுக் கணினியை, அடுத்து வந்த பிரிவினர் துழாவி அவருடைய தனிப்பட்ட மின்னஞ்சல்களைப் படித்தார்கள். படித்ததை மேலதிகாரியிடம் கொண்டுபோனார்கள். மேலதிகாரி விளக்கம் கேட்டார். மேஜர் வாய் திறக்கவில்லை. ஆனாலும் 2006இல் வேலை போனது. காவலர்கள் புடைசூழ முகாமை விட்டு வெளியே அனுப்பப்பட்டார். வேறு காரணத்துக்காக விலக்கப்பட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகையில் பாதிதான் கைக்கு வந்தது.

இத்தனைக்கும் சட்டத்தின் பெயர் ‘கேட்காதே, சொல்லாதே’. தன்பாலீர்ப்பாளர் மீதான தடையை நீக்குவேன் என்று சொல்லித் தேர்தலில் வென்ற பில் கிளிண்டன், தளபதிகளும் செனட்டர் சாம் நன்னும் எதிர்த்து நின்றதும் இறங்கிவந்து 1993இல் ஒப்புக்கொண்ட சமரசம் இது. அதிகாரி கேட்கக் கூடாது, சிப்பாய் சொல்லக் கூடாது. மூன்றாவது ஆள் போட்டுக்கொடுத்தால்? அதற்குச் சட்டத்தில் பாதுகாப்பு ஏதும் இல்லை. 13,000க்கும் மேற்பட்டோர் இதன்கீழ் வெளியேற்றப்பட்டார்கள். அரபு தெரிந்த ஆள் போதவில்லை என்று படை தவித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் அரபு படித்தவர்களையே வீட்டுக்கு அனுப்பிய கூத்தும் நடந்தது.

விருது விழா முடிந்த மறுவாரம், செப்டம்பர் 20 அன்று காகா மேய்ன் மாநிலத்தின் போர்ட்லண்டுக்குப் போனார். அங்குள்ள பூங்காவில் கோட்டும் டையும் அணிந்து நின்று, சமத்துவம்தான் இந்த நாட்டின் மிகச் சிறந்த இறைச்சித் துண்டு, அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்று பேசினார். வீட்டுக்கு அனுப்புவதென்றால் வெறுப்பு கொண்ட சிப்பாயை அனுப்புங்கள், தன்பாலீர்ப்பாளரை ஏன் அனுப்புகிறீர்கள் என்றும் கேட்டார். நல்ல கேள்வி. மேய்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அம்மாநிலத்தின் இரு செனட்டர்களும், சூசன் காலின்ஸும் ஒலிம்பியா ஸ்னோவும், குடியரசுக் கட்சியின் மிதவாதிகள். மறுநாள், இச்சட்டத்தை நீக்கும் மசோதா மீது செனட்டில் வாக்கெடுப்பு. விவாதத்தை முடித்து மசோதாவை எடுத்துக்கொள்ள 60 வாக்குகள் வேண்டும். 56–43 என்று தோற்றது. காலின்ஸும் ஸ்னோவும் எதிர்த்தே வாக்களித்தார்கள்.

நட்சத்திரத்தின் பேச்சு எடுபடவில்லை என்று அன்றைக்குப் பலரும் எழுதினார்கள். எனக்கு அது மேலோட்டமான முடிவாகவே படுகிறது. காலின்ஸின் மனதை மாற்ற வேண்டிய தேவையே இருக்கவில்லை. அந்த ஆண்டு மே மாதமே ஆயுதப் படைகள் குழுவில் 16–12 என்று சட்ட நீக்கம் நிறைவேறியபோது, அதை ஆதரித்த ஒரே குடியரசுக் கட்சி உறுப்பினர் அவர்தான். செப்டம்பரில் அவருக்கு இருந்த குறை வேறு. சட்ட நீக்கத்தைப் பாதுகாப்புத் துறையின் பெரிய மசோதாவுக்குள் செருகியிருந்தார்கள். அந்த மசோதாவுக்குத் தங்கள் கட்சி திருத்தங்கள் கொண்டுவர, பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட் போதிய இடம் கொடுக்கவில்லை என்பது அவர் வாதம். தோற்கப்போவது தெரிந்ததும் ரீடே எதிர்த்து வாக்களித்தார். மசோதாவைப் பின்னால் மறுபடி எழுப்ப வேண்டுமானால் அவர் தோற்கடித்தவர்கள் பக்கம் நின்றிருக்க வேண்டும். செனட் விதி அப்படி. வீரர்களின் தியாகத்தைப் பற்றி எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும், சண்டை திருத்தங்களின் எண்ணிக்கையில் நடக்கும்போது அந்தப் பேச்சு போய்ச் சேர இடமில்லை.

மூன்றே மாதத்தில் சட்ட நீக்கம் நிறைவேறியது. அதைச் சாத்தியமாக்கியவை எவையும் மேடைக்கு ஏற்ற சமாச்சாரங்கள் அல்ல. பிப்ரவரியில் கூட்டுப்படைத் தலைவர் அட்மிரல் மைக் மல்லன், ஒளிவுமறைவின்றிப் பணியாற்ற விடுவதே சரி என்று செனட் குழு முன் சொல்லியிருந்தார். செப்டம்பர் 9 அன்று கலிபோர்னியாவில் நீதிபதி வர்ஜீனியா ஃபிலிப்ஸ் இச்சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். நாம் செய்யாவிட்டால் நீதிமன்றம் ஒரே நாளில் செய்துவிடும் என்ற பயம் பென்டகனைப் பிடித்தது. நவம்பர் 30 அன்று பென்டகன் தன் ஆய்வை வெளியிட்டது. சுமார் 1,15,000 படையினர் பதிலளித்த கருத்துக்கணிப்பில், சட்டம் போனால் பெரிய பாதிப்பு வராது அல்லது நல்லதும் கெட்டதும் கலந்தே இருக்கும் அல்லது நன்மையே என்றவர்கள் ஏறத்தாழ 70 விழுக்காடு. ‘சிப்பாய்கள் ஏற்க மாட்டார்கள்’ என்ற பழைய பல்லவியை சிப்பாய்களே முடித்துவைத்தார்கள்.

டிசம்பர் 9 அன்று பெரிய மசோதா மறுபடி தோற்றதும், காலின்ஸும் செனட்டர் ஜோ லீபர்மேனும் சட்ட நீக்கத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்தார்கள். பிரதிநிதிகள் சபை அதைச் சிறுதொழில் தொடர்பான ஒரு பழைய மசோதாவின் எண்ணுக்குள் வைத்து அனுப்பியது. அப்படி வந்தால் செனட்டில் முட்டுக்கட்டை போட ஒரு வாய்ப்பு குறையும். 18ஆம் தேதி 65–31. ஆதரித்த எட்டு குடியரசுக் கட்சியினரில் மேய்னின் இருவரும் இருந்தார்கள். 22ஆம் தேதி ஒபாமா கையெழுத்திட்டார்.

அப்படியானால் காகா வீணா? இல்லை. அவர் செய்ததில் பயனுள்ளது உரை அல்ல, உங்கள் செனட்டருக்குப் போன் செய்யுங்கள் என்று தன் ரசிகர்களிடம் சொன்னதும், தானே போன் செய்து வீடியோவில் காட்டியதும்தான். ட்விட்டரில் அவர் ரீடைக் கேட்டார். ரீட் அடுத்த வாரம் வாக்கெடுப்பு என்று பதில் சொன்னார். ஒரு பாப் பாடகியின் கேள்விக்கு நாள் குறித்துப் பதில் சொல்லிவிட்ட தலைவர் பிறகு அதைத் தள்ளிப்போடுவது கடினம். விருது விழாவில் தன் பக்கத்தில் முன்னாள் படையினரை நிறுத்தியதும் சரியான செயலே. அதே இரவில் அந்த ஆடையையும் உடுத்தி அவர்களை மறைத்ததுதான் கோளாறு. நவம்பரில் வேறொரு வேடிக்கை நடந்தது. சட்ட நீக்கத்தைக் கடுமையாக எதிர்த்த செனட்டர் ஜான் மெக்கெய்னின் மனைவி சிண்டி, சட்டத்தைச் சாடும் பிரபலங்களின் வீடியோவில் தோன்றினார். உடனே, இந்த விஷயத்தில் கணவர் பக்கமே என்று ட்விட்டரில் அறிவித்தார். எப்படித்தான் பேசி முடித்தார்களோ!

என் கணக்கில் இதைவிடக் கனமான வேலையை 1995இல் பார்பரா ஸ்ட்ரைசாண்ட் செய்தார். கர்னல் மார்கரெத் கேமர்மேயர் வியட்நாமில் பணியாற்றி வெண்கல நட்சத்திரப் பதக்கம் பெற்ற செவிலியர். பதவி உயர்வுக்கான பாதுகாப்பு நேர்காணலில் கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னார். 1992இல் படை அவரை விலக்கியது. 1994இல் நீதிமன்றம் மீண்டும் சேர்க்கச் சொன்னது. அவர் கதையை ஸ்ட்ரைசாண்ட் தொலைக்காட்சிப் படமாகத் தயாரிக்க, கிளென் குளோஸ் கர்னலாக நடித்தார். தங்களை முன்னிறுத்தாமல், வரவேற்பறையில் உட்கார்ந்து பார்க்கும் குடும்பங்களின் முன் ஒரு கர்னலை நிறுத்தினார்கள்.

நம் நாட்டில் அந்த வழிக்கே அனுமதிச் சீட்டு தேவை. 2018இல் உச்ச நீதிமன்றம் தன்பாலீர்ப்பு உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைத் தளர்த்தியபோதும், படையினரின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்த இடம் தரும் அரசமைப்பின் 33ஆம் கூறும், ‘இயற்கைக்கு மாறான’ நடத்தையைத் தண்டிக்கும் ராணுவச் சட்டத்தின் 46ஆம் பிரிவும் அப்படியே நின்றன. 2019 ஜனவரியில் அன்றைய தளபதி பிபின் ராவத் ராணுவத்தில் தன்பாலீர்ப்புக்கு இடமில்லை என்றார். 2022இல் இயக்குநர் ஓனிர், தன்பாலீர்ப்பாளரான ராணுவ அதிகாரியைப் பற்றிய தன் திரைக்கதைக்குப் பாதுகாப்பு அமைச்சகத்திடம் தடையின்மைச் சான்று கேட்டார், மறுத்துவிட்டார்கள். யாரைக் கேள்வி கேட்கிறோமோ அவரிடமே கேள்வித்தாளைக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்றால் எந்தப் பிரபலம் என்ன செய்ய முடியும்?

அமெரிக்க வெற்றியையும் முழுசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சட்ட நீக்க முயற்சியின் தொடக்க வரைவில், பாலீர்ப்பின் அடிப்படையில் படைகள் பாகுபாடு காட்டக் கூடாது என்று ஒரு பிரிவு இருந்தது. 2010 மே மாதச் சமரசத்தில் அதை எடுத்துவிட்டார்கள். எந்த மேடையிலும் யாரும் அதற்காகக் குரல் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. மருத்துவ விதிகளால் தடுக்கப்பட்டிருந்த திருநர் அந்தப் பேச்சுக்குள்ளேயே வரவில்லை. அவர்களுக்கு 2016இல் ஒபாமா அரசு கதவைத் திறந்தது, 2017இல் டிரம்ப் ட்விட்டரில் மூடுவதாக அறிவித்தார், 2021இல் பைடன் திறந்தார், 2025 ஜனவரியில் டிரம்ப் மீண்டும் உத்தரவிட்டார், மே 6 அன்று அந்தத் தடையை அமலாக்க உச்ச நீதிமன்றம் இடம்கொடுத்தது. தன்பாலீர்ப்பாளருக்கு எதிரான சட்டம் போய்விட்டது உண்மை. ஆனால் அவர்களை நீக்கக் கூடாது என்று சொல்லும் பிரிவு அமெரிக்க ராணுவச் சட்டத்தில் எழுதப்படவில்லை. அவர்கள் இன்று பணியில் இருப்பது பென்டகனின் கொள்கையால்.

– கட்டுரையாளர், ராணுவச் சட்ட வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்