அவனிடம், அவனோடு, ஆங்கிலத்தில் எதுவுமில்லை

ஆங்கிலத்தின் முன்னிடைச்சொற்களில் தமிழ் மாணவர் தடுமாறும்போது கவனக்குறைவு என்றும் மனப்பாடம் போதாது என்றும் கூறப்படுகிறது. இரண்டும் முழு உண்மையல்ல. அப்பிழைகளுள் பெரும்பகுதி தமிழின் வேற்றுமை உருபுகள் ஆங்கிலத்துக்குள் வந்து நிற்பதால் நேர்வது.

காரில் இருக்கிறான், பேருந்தில் இருக்கிறான், நிறுத்தத்தில் இருக்கிறான் என மூன்றுக்கும் தமிழில் 'இல்' ஒன்றே போதும். ஆங்கிலமோ காருக்கு 'இன்', பேருந்துக்கு 'ஆன்', நிறுத்தத்துக்கு 'அட்' என்று பிரிக்கிறது. காரை நாற்புறமும் சூழ்ந்த இடமாகவும், பேருந்தை ஏறி நின்று நடமாடும் தளமாகவும், நிறுத்தத்தை வழியிலுள்ள ஒரு புள்ளியாகவும் அது காண்கிறது எனலாம். தமிழுக்கு இவ்வேறுபாடு தெரியாது என்பதன்று. ஏழாம் வேற்றுமைக்குக் 'கண்' உருபைக் கூறும் தொல்காப்பியம், அதன் பொருள் விரிவாக அகம், புறம், கீழ், மேல், முன், பின் முதலிய 19 சொற்களை அடுக்குகிறது. தேவைப்படும்போது மட்டும் தமிழ் அவற்றைப் பயன்படுத்துகிறது. ஆங்கிலம் ஒவ்வொரு முறையும் தேர்வு செய்யச் சொல்கிறது. தொல்காப்பியத்தில் 'வேற்றுமை மயங்கியல்' என ஓர் இயலே உண்டு என்பதும் ஆங்கில ஆசிரியர்கள் அறியத்தக்கது.

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் சாலையில், கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியை ஒட்டிய பாலக்காட்டு எல்லைப்புறத்தில், தமிழும் மலையாளமும் அன்றாடம் உடன் வாழ்கின்றன. இங்கு வளரும் தமிழ்க் குழந்தை 'அவனிடம் சொன்னேன்' என்று வீட்டில் கூறுகிறது. அதே செய்தி மலையாளத்தில் 'அவனோடு பறஞ்ஞு' என்றாகிறது. தமிழ்க் காதுக்கு 'அவனோடு' என்றால் அவனுடன் சேர்ந்து என்று பொருள். மலையாளத்திலோ அது கேட்பவனைக் குறிக்கிறது. குழந்தை இதில் குழம்புவதில்லை. ஒரே உறவை இரு மொழிகள் இரு உருபுகளால் காட்டும் என்பது அதற்கு யாரும் கற்பிக்காமலே தெரியும். ஆங்கிலத்தில் 'செட்' வினை 'டு' கேட்கும், 'டோல்டு' வினை எதையும் கேட்காது என்பதை அந்த அறிவின் மேல் வைத்துக் கற்பிக்கலாம். ஆனால் ஆங்கில வகுப்பில் தாய்மொழி இடையூறு என ஒதுக்கப்படும்போது கையிலுள்ள சிறந்த கருவியே வாசலில் விடப்படுகிறது.

மற்ற பிழைகளும் இவ்வாறே. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்ற பழக்கம் 'டிஸ்கஸ்' வினைக்குப் பின் ஒரு வேண்டாத 'அபவுட்' சேர்க்கிறது. (அதே சொல்லின் பெயர் வடிவமான 'டிஸ்கஷன்' அந்த 'அபவுட்'டை ஏற்றுக்கொள்வது மாணவரின் குற்றமன்று.) 'அவரோடு திருமணம்' என்பது 'மேரீட் வித்' ஆகிறது, ஆங்கிலம் 'டு' வேண்டும். 'திங்கட்கிழமை வந்தான்' என உருபின்றிச் சொல்லிப் பழகியவர் 'ஆன்' விட்டுவிடுகிறார். 'மூன்று ஆண்டுகளாக' என்ற இடத்தில் 'ஃபார்' வர வேண்டியிருக்க 'சின்ஸ்' வருகிறது. காலத்தின் அளவுக்கு ஒன்று, தொடங்கிய புள்ளிக்கு மற்றொன்று என்னும் பிரிவு 'மூன்று ஆண்டுகளாக', '2020 முதல்' எனத் தமிழிலும் உண்டு. அதைச் சுட்டிக்காட்டினாலே பாதிச் சிக்கல் தீரும்.

எல்லாவற்றையும் இவ்வழியில் விளக்கிவிட முடியாதுதான். 'குட் அட்', 'டிபென்ட் ஆன்' போன்றவை மரபால் வந்தவை. அவற்றைப் படித்தும் கேட்டும் பழகுவதே வழி. வார இறுதிக்குப் பிரிட்டனில் 'அட்' என்பர், அமெரிக்காவில் 'ஆன்' என்பர். ஆங்கிலேயருக்குள்ளேயே ஒன்றுபடாத இடத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பத் தவறிய மாணவரிடம் மட்டும் கண்டிப்புக் காட்டுவது பொருந்தாது. ஆயினும் போட்டித் தேர்வுகளில் இக்கோடிட்ட இடங்கள் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கின்றன. ஓரிரு மதிப்பெண்ணில் வேலை கைநழுவலாம். எனவே சலுகை கோருவதைவிடக் கற்பிக்கும் முறையை மாற்றுவதே தேவை.

எல்லைப்புறத் தமிழ்வழிப் பள்ளிகளில் இதற்குப் புதிய பாடநூல் வேண்டியதில்லை. கரும்பலகையில் மூன்று கட்டங்கள் போதும்: தமிழ், மலையாளம், ஆங்கிலம். திருத்தும்போது 'மேரீட் வித்' என்பதைச் சிவப்பு மையால் அடித்துவிடாமல் ஓரத்தில் 'ஓடு' என்று எழுதினால், தவறு எங்கிருந்து வந்தது என்பதை மாணவரே கண்டுகொள்வார்.