வழித்துணை யார்?

நுழையும் முன்

கதைத் தலைவனைக் கொண்டாடுவது எளிது. அவனுடன் நடந்தவர்களை நினைவில் வைத்திருப்பதே அரிது. ஜப்பானில் தோன்றி உலகெங்கும் பரவிய ஒரு வீடியோ விளையாட்டுத் தொடரின் துணைமாந்தர்களுள் சிறந்தவர் யார் என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்படும் பயணக் கப்பல் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடலைக் கடந்து அந்தமானை அடைய மூன்று நாள் அளவு ஆகும். அந்த மூன்று நாளும் அடுத்தடுத்த படுக்கைகளில் உறங்கி, ஒரே வரிசையில் நின்று உணவு பெற்று வரும் குடும்பங்கள், கரை தென்படும்போது உறவினரைப்போல் ஆகிவிடுகின்றன. ஹாடோ துறையில் இறங்கியதும் ஒரு குடும்பம் ரங்கத்துக்குச் செல்லும். மற்றொன்று கார் நிக்கோபாருக்குச் செல்லும். மூன்று நாள் ஒன்றாக விளையாடிய பிள்ளைகள் கையசைத்துப் பிரிவர். வழித்துணை என்னும் சொல்லுக்குப் பொருள் காணத் தீவுப் பிள்ளைகளுக்கு அகராதி தேவையில்லை.

அந்தச் சொல்லையே அடித்தளமாகக் கொண்டு எழுந்த கதைத் தொடர் ஒன்று ஜப்பானில் உண்டு. அதன் பெயர் ஃபைனல் ஃபேன்டசி. சகாகுச்சி ஹிரோனொபு என்பவர் தலைமையில் ஸ்கொயர் நிறுவனம் அதன் முதற்பாகத்தை 1987ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்டது. பதினாறாம் பாகம் 2023இல் வந்தது. பெரும்பாலும் ஒவ்வொரு பாகமும் தனிக்கதை. நாடு வேறு, மாந்தர் வேறு. எனினும் ஓர் அமைப்பு மாறுவதில்லை. தலைவன் தனியே போவதில்லை. வழியில் சந்திப்போரைச் சேர்த்துக்கொண்டு, அவர்களுடைய திறத்தையும் துயரத்தையும் சுமந்துகொண்டே செல்கிறான்.

ஜப்பான் என்னும் பெயர் இத்தீவுகளுக்குப் புதிதன்று. 1942 முதல் 1945 வரை அந்தமானும் நிக்கோபாரும் ஜப்பானியப் படையின் பிடியில் இருந்தன. அக்காலத்தில் எழுப்பிய பதுங்கு குழிகள் கார்பின் கோவ் கடற்கரையில் இன்றும் நிற்கின்றன. அன்று தீவு மக்கள் அஞ்சி உச்சரித்த அந்நாட்டின் பெயரை, இன்று அவர்களின் கொள்ளுப்பேரர் விளையாட்டின் பெயரோடு சேர்த்து உச்சரிக்கின்றனர். சென்னையைப் போர்ட் பிளேருடனும் பிற தீவுகளுடனும் இணைக்கும், ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று செயல்பாட்டுக்கு வந்தது. அதற்குமுன் செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்த தீவுகளில் பெரிய விளையாட்டு ஒன்றைப் பதிவிறக்குவது எளிதாக இருந்ததில்லை. இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றுள்ள அந்நகரில் அத்தடை பெரிதும் குறைந்துவிட்டது.

இத்தொடரை விளையாடுவோர் கூடுமிடமெல்லாம் ஒரு வழக்கு எழும். துணைமாந்தருள் சிறந்தவர் யார்? பெரும்பாலோர் வலிமையை அளவுகோலாகக் கொள்கின்றனர். யாருடைய வாள் நீளமானது, யாருடைய அடி பகைவனை விரைவில் வீழ்த்தும் என்று கணக்கிடுகின்றனர். விளையாட்டே ஒவ்வொரு மாந்தருக்கும் எண்களை இட்டுக் காட்டுவதால் இக்கணக்கு இயல்பானதே. ஆயினும் அது பிழையான கணக்கு. அதனை முதலில் மறுப்பது விளையாட்டின் அமைப்பேயாகும்.

முதற்பாகத்தில் துணைவர்க்குப் பெயரும் இல்லை, கதையும் இல்லை. போர்வீரன், திருடன், மல்லன், செம்மந்திரவாதி, வெண்மந்திரவாதி, கருமந்திரவாதி என ஆறு தொழில்கள் மட்டும் இருந்தன. விளையாடுபவர் நால்வரைத் தேர்ந்து தாமே பெயரிட வேண்டும். நால்வரையும் போர்வீரராகவே தேர்ந்தவர் தொடக்கத்தில் வெற்றிமேல் வெற்றி காண்பார். ஆழ்ந்த குகையொன்றில் புண்பட்டு நிற்கும்போதுதான், ஆற்றுவதற்கென ஒருவரும் இல்லை என்பது அவருக்கு விளங்கும். வெண்மந்திரவாதியின் அடி மெலிது. ஆனால் ஏனைய மூவரும் எழுந்து நிற்பது அவருடைய கையால். குழு என்பது வலிமைகளின் கூட்டல் அன்று. ஒருவர் குறையை மற்றொருவர் நிரப்பும் ஏற்பாடு.

இதனினும் ஆழமான மறுப்பு 1997இல் வந்த ஏழாம் பாகத்தில் உள்ளது. அதன் தலைவன் கிளவுட். அவனுடைய துணைவருள் ஒருத்தி ஏரித்; இரும்பும் புகையும் நிறைந்த நகரில் பூ விற்கும் பெண். விளையாடுபவர் அவளுக்கு நல்ல கருவிகளைத் தேடித் தருகிறார். பல மணிநேரம் செலவிட்டு அவள் திறத்தை வளர்க்கிறார். கதை பாதியை எட்டுமுன்னரே செஃபிராத் என்னும் பகைவனின் வாளால் அவள் இறந்துபடுகிறாள். உடனே ஒரு போர் தொடங்குகிறது. வழக்கமான போர்முழக்கம் அங்கே ஒலிப்பதில்லை. இசையமைப்பாளர் உவெமாட்சு நொபுவோ ஏரித்துக்கென அமைத்த மெல்லிசையே போர் முழுவதும் தொடர்கிறது. அதன்பின் துணைவர் பட்டியலைத் திறந்தால் அவள் பெயர் இல்லை.

அவளை மீட்கும் மறைவழி ஒன்று இருக்குமென்று பலர் நெடுநாள் தேடினர். வதந்திகள் நாடு கடந்து உலவின. அந்த விளையாட்டில் அத்தகைய வழி எதுவும் இல்லை. தொடரின் நான்காம் பாகத்தில் பாலோம், போரோம் என்னும் இரட்டையர், நெருங்கி வரும் சுவர்களைத் தடுக்கத் தம்மையே கல்லாக்கிக்கொண்டு துணைவரைக் காப்பர்; ஆயினும் பின்னர் அவர்கள் மீள்கின்றனர். ஏரித் மீளவில்லை. அவள் ஆற்றல் எத்தனை என்று பின்னர் எவரும் நினைவுகூர்ந்ததில்லை. அவள் இல்லாமையே நினைவில் நின்றது.

இங்கே பெரியோர் சிலர் ஒரு தடையை எழுப்புவர். வண்ணப் புள்ளிகளால் ஆன உருவத்துக்காக வருந்துவதா, அந்நேரத்தில் ஒரு பாடம் படிக்கலாகாதா என்று கேட்பர். நேரத்தைப் பற்றிய அவர்கள் கவலை நேரியது. பல பத்து மணிநேரத்தைக் கொள்ளும் விளையாட்டுக்கு வீட்டில் வரம்பு வேண்டும். ஆனால் வருத்தத்தைப் பற்றிய எள்ளல் நேரியதன்று. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வ’னின் ஆழ்வார்க்கடியானும் பூங்குழலியும் கற்பனை மாந்தரே. அவர்களை இன்றும் வீட்டு மனிதரைப்போல் பேசும் தமிழர் பலர். இராமகாதையில் சடாயு வரும் பகுதி சிறிது. சீதையைக் காக்கப் போரிட்டுச் சிறகிழந்து, செய்தி சொல்லி, உயிர் துறக்கிறான். கதையின் முடிவுவரை உடன்வராத அத்துணைவனை எக்காலத்துத் தமிழரும் மறந்ததில்லை. படகோட்டியான குகனோ, இராமனுக்கு உடன்பிறப்பாகவே ஆனான். பாதியில் பிரிந்த துணைக்காக வருந்தும் பழக்கத்தைப் பிள்ளைகள் திரையிலிருந்து கற்கவில்லை. பாட்டிமார் சொன்ன கதையிலேயே அது தொடங்கியிருந்தது.

துணைமையின் மற்றொரு முகத்தைப் பதினைந்தாம் பாகம் காட்டுகிறது. 2016இல் வந்த அதில் இளவரசன் நாக்டிஸுடன் நண்பர் மூவர் செல்கின்றனர். அவருள் இக்னிஸ் கூர்மையான அறிவினன். இரவுதோறும் முகாமில் அனைவர்க்கும் சமைப்பவன். கதையின் இடையில் அவன் பார்வையை இழக்கிறான். அதன்பின் ஒரு பகுதியில் கோலூன்றி நடக்கும் அவனுக்காகக் குழு முழுதும் நடையைத் தளர்த்த வேண்டியிருக்கிறது. விரைந்தோடிப் பழகிய விளையாட்டாளர் முன்னே ஓடினால், கிளாடியோலஸ் என்னும் நண்பன் கடிந்துகொள்கிறான். அதுவரை ஊட்டியவன் இப்போது பின்தங்குகிறான். அவனுக்காக நிற்பதா, விட்டுச் செல்வதா? வலிமைக் கணக்கில் இவ்வினாவுக்கு விடையில்லை. இறுதிவரை உடன்வருவேன் என்று இக்னிஸ் உறுதி கூற, நண்பர்கள் அவனை ஏற்கின்றனர்.

இத்தனை பேரினும் முதலிடத்துக்கு உரியவன், 2000ஆம் ஆண்டில் வந்த ஒன்பதாம் பாகத்தின் விவி ஆவான். கூரிய பெருந்தொப்பியின் நிழலில் முகம் மறைந்து, இரு மஞ்சள் கண்கள் மட்டும் ஒளிரும் சிறுவன் அவன். நாடகம் பார்க்கும் ஆசையில் நகருக்கு வருகிறான். கையிலிருக்கும் நுழைவுச்சீட்டோ போலியானது. நடக்கும்போது தடுக்கி விழுகிறான். வீரனுக்குரிய தோற்றம் எதுவும் அவனிடம் இல்லை.

பயணத்தின்போது ஒரு சிற்றூரின் நிலத்தடியில் அவன் ஓர் ஆலையைக் காண்கிறான். தன்னைப் போன்ற உருவங்கள் அங்கே வரிசை வரிசையாகச் செய்யப்படுகின்றன. போருக்கான கருவிகளாக அனுப்பப்படுகின்றன. பின்னர், அவற்றுள் தப்பியோர் காட்டுக்குள் அமைத்த ஊரை அடைகிறான். அங்கே ஓர் இடுகாடு உண்டு. செய்யப்பட்டு ஏறத்தாழ ஓராண்டில் அவர்களுள் பலர் இயக்கம் நின்றுவிடுகின்றனர் என்பதை அறிகிறான். ‘என் ஊர் எது? நான் யார்? எத்தனை நாள் இருப்பேன்?’ என்னும் வினாக்கள் அச்சிறுவனைச் சூழ்கின்றன. ஆயினும் அவன் கசப்படையவில்லை. துணைவரை விட்டு நீங்கவும் இல்லை. கதையின் முடிவில் அவனைப் போன்ற சிறு உருவங்கள் அவனுடைய பிள்ளைகள் என்று தம்மைக் கூறிக்கொண்டு வருகின்றன. விவி வரவில்லை. நண்பனுக்கு அவன் கூறும் நன்றிமொழிகள் மட்டும் திரையில் தோன்றி மறைகின்றன.

விவியை முதலில் வைப்பதற்குக் காரணம் இரக்கம் அன்று. அவனுடைய வினா புலம்பெயர்ந்தோர் வினா. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கைக்குப்பின் இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களுள் சில கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறின. வேறு பலர் தமிழகத்திலிருந்து வணிகத்துக்கும் கூலிவேலைக்கும் அரசுப் பணிக்கும் கடல் கடந்தனர். அவர்களின் பிள்ளைகளிடம் ‘சொந்த ஊர் எது?’ என்று கேட்டால் விடை ஒற்றைச் சொல்லில் அமைவதில்லை. தாத்தாவின் ஊர் ஒன்று; பிறந்த தீவு ஒன்று; வீட்டில் பேசும் மொழி ஒன்று; வகுப்பில் பேசும் மொழி வேறொன்று. எங்கே தோன்றினோம் என்பது தன் கையில் இல்லை என்றும், யாருடன் எவ்வாறு நடக்கிறோம் என்பது தன் கையில் உண்டு என்றும் விவி கண்டுகொள்கிறான். தலைவன் எவனும் இவ்வுண்மையை இத்துணைத் தெளிவாகக் காட்டவில்லை.

வேறொருவர் ஏரித்தையோ இக்னிஸையோ முதலில் வைக்கலாம். அதில் தவறில்லை. ஆனால் தேர்வுக்குரிய அளவுகோல் எதுவென்று அவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். விரும்பும் துணைவனைக் கூறும்போது, பிறர்க்குத் தாம் எத்தகைய துணையாக இருக்க விரும்புகிறார் என்பதையும் ஒருவர் கூறிவிடுகிறார். வாளின் நீளத்தைப் புகழ்பவர் ஒன்றைக் கூறுகிறார்; பின்தங்கியவனுக்காக நின்றதைப் புகழ்பவர் வேறொன்றைக் கூறுகிறார். திருவள்ளுவர் நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என ஐந்து அதிகாரங்களை ஒதுக்கியதும் இவ்வேறுபாட்டை ஆராயவே.

மத்திய அரசுப் பள்ளிகளில் ஆண்டுதோறும் சில இருக்கைகள் வெறுமையாகும். பெற்றோரின் பணிமாற்ற ஆணை வந்ததும் ஒரு மாணவி கப்பலேறுவாள். வருகைப்பதிவேட்டில் அவள் பெயர் இராது. பிரிந்தபின் நட்பு என்ன ஆகும்? பழந்தமிழகத்தில் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நேரில் காணாமலே நண்பராயினர். சோழன் வடக்கிருந்தபோது வராத நண்பருக்காகத் தன் அருகில் இடம் ஒதுக்கச் சொன்னான், பிசிராந்தையாரும் வந்தார். அவர்களிடையே கடலடிக் கம்பிவடம் இருக்கவில்லை. இன்று அது இருக்கிறது. வெறுமையான இருக்கையில் அமர்ந்திருந்தவளுக்கு ஒரு செய்தி அனுப்ப ஒரு நிமிடம் போதும். அதனை இன்றே அனுப்புபவர், எந்த விளையாட்டையும் தொடாதவராயினும், நல்ல வழித்துணையே ஆவார்.

சிந்தித்து எழுதுக

1. நால்வரும் போர்வீரராக அமைந்த குழு ஏன் இடர்ப்படும்? கட்டுரையின் வழி விளக்குக.

2. சடாயுவுக்கும் ஏரித்துக்கும் உள்ள ஒற்றுமை ஒன்றையும் வேற்றுமை ஒன்றையும் எழுதுக.

3. விவிக்கு முதலிடம் தந்தது பொருத்தமா? உம் கருத்தைக் காரணத்துடன் பத்து வரிகளில் எழுதுக.

4. உம் வகுப்பை விட்டு வேறூர் சென்ற தோழர் ஒருவருக்குத் தமிழில் ஒரு மடல் எழுதி அனுப்புக.