நூறு கட்டும் ஒரு விதையும்

பௌதிக ஆராய்ச்சி என்றவுடன் நம்மவர் மனக்கண் முன் தோன்றுவன கண்ணாடிக் குழாய்களும் கம்பிச் சுருள்களும் வெண்ணிற அங்கியணிந்த பேராசிரியருமே. அக்காட்சி முற்றிலும் பொய்யன்று. ஆயினும் இன்று அத்துறையில் ஆராய்ச்சி செய்யும் இளைஞரிற் பலர், கண்ணாற் காணாத ஒரு கணனிக்குக் கணக்குகளைக் கட்டுக் கட்டாக அனுப்பிவிட்டு விடைக்குக் காத்திருப்பதிலேயே நாளிற் பெரும்பகுதியைக் கழிக்கின்றனர். "இதுவும் ஒரு படிப்பா?" என்று என் இல்லத்தாரே கேட்டதுண்டு. படிப்புத்தான்; அதிலும் இடர்கள் உள.

ஜெனீவா நகருக்கு அண்மையிலே, சுவிற்சர்லாந்தும் பிரான்சும் தொடும் எல்லையில், நிலத்தின் கீழ் ஏறத்தாழ 100 மீற்றர் ஆழத்தில் 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள வளையம் ஒன்று உண்டு. புரோத்தன்களை எதிரெதிராக ஓடவிட்டு மோதச் செய்வதற்கென சேர்ன் என்னும் ஐரோப்பிய ஆய்வு நிலையத்தார் அமைத்தது அது. மோதலிற் சிதறுவனவற்றைப் பதிவு செய்தல் ஆராய்ச்சியின் ஒரு பாதி. நாம் அறிந்த விதிகளே உண்மையாயின் அவை எவ்வாறு சிதறும் என்று முன்கூட்டியே கணித்து வைத்தல் மறு பாதி.

இம்மறுபாதிக்கு ஒரு வேடிக்கையான வரலாறுண்டு. 1946 ஆம் ஆண்டில் ஸ்ரானிஸ்லாவ் உலாம் என்னும் கணித மேதை நோயுற்றுத் தேறிவருங் காலத்தில் தனியாகச் சீட்டாடிப் பொழுது போக்கினார். ஆட்டம் வெற்றியில் முடிவதற்குரிய நிகழ்தகவைச் சூத்திரத்தாற் கணிக்க முயன்று சலித்தவர், பலமுறை ஆடிப் பார்த்து வென்றவற்றை எண்ணிவிட்டால் என்ன என்று சிந்தித்தார். அச்சிந்தனை ஜோன் வொன் நியூமனின் துணையுடன் அணுவாராய்ச்சிக்கு உரிய முறையாக வளர்ந்தது. சூதாட்டத்துக்குப் பேர்போன மொன்ரி கார்லோவின் பெயரே அதற்கு வாய்த்தது. பகடை உருட்டுவதுபோல எழுமாற்றாக எண்களை எடுத்து, ஒவ்வொரு மோதலையும் கணனிக்குள்ளே நடத்திப் பார்ப்பர்.

இதில் ஒரு தொல்லை. விடையிலுள்ள வழுவைப் பத்திலொன்றாகக் குறைக்க வேண்டின், மோதல்களை நூறு மடங்காக்க வேண்டும். வர்க்கமூலம் செய்யும் வேலை அது. தனிக் கணனியொன்றினால் ஆகக்கூடியதன்று. நல்ல வேளையாக, ஒரு மோதலின் கணக்குக்கு மற்றொன்றின் விடை தேவையில்லை. பொதுப் பரீட்சை விடைத்தாள்களைக் கட்டுக்களாக்கிப் பரீட்சகர் பலருக்குப் பகிர்ந்தளிப்பதுபோல இதனையும் பகிரலாம். (வானிலைக் கணிப்பு இவ்வாறன்று, அங்கே ஒவ்வோர் இடத்துக் கணக்கும் அயலிடத்து விடையை எதிர்பார்த்து நிற்கும்.) சேர்னின் கணக்குகள் நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளிலுள்ள ஏறத்தாழ 170 கணனி நிலையங்களுக்குப் பகிரப்படுகின்றன. 2012 யூலை 4 ஆந் திகதி ஹிக்ஸ் துணிக்கை பற்றிய அறிவிப்பு வெளிவந்தபோது, இத்தகைய கணிப்புகளும் அதற்கு ஆதாரமாயிருந்தன.

பகிர்ந்தளிப்பதற்கென்றே செய்நிரல்கள் உண்டு. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் 1980களிற் பிறந்த கொண்டோர் அவற்றுள் ஒன்று. ஆரம்பத்தில் அது, அலுவலர் எழுந்து சென்றபின் சும்மா கிடக்கும் கணனிகளைத் தேடிப்பிடித்து வேலை வாங்கிற்று; உடையவர் திரும்பினால் மரியாதையாக விலகிக்கொண்டது. இத்தகைய வரிசைகளில் முந்தி வந்தவனுக்கே முதலிடம் என்ற நியாயம் பெரும்பாலும் செல்லாது. யாழ்ப்பாணத்துப் பங்குக் கிணற்றை நினைத்துக்கொள்க. அண்மையில் மிகுதியாக இறைத்தவன் பொறுத்திருக்க, குறைவாக இறைத்தவனுக்கு முறை முந்தி வரும்.

என்னிடம் உயர்தர வகுப்பிற் பயின்று, இப்பொழுது வெளிநாட்டிலே ஆராய்ச்சி செய்யும் மாணவன் ஒருவன் விடுமுறையில் வந்தபோது கூறியதை இங்கே சொல்ல வேண்டும். கட்டொன்றுக்கு ஆயிரம் மோதலாக நூறு கட்டுக்களை அவன் ஒரு மாலையில் அனுப்பினான். ஒன்றையேனும் முன்னர் தனியே ஓட்டிப் பார்க்கவில்லை. மறுநாட் காலை நூறும் முடிந்திருந்தன; ஒவ்வொன்றும் பூச்சியம் என்று அறிவித்திருந்தது. கணனி வழக்கிலே பூச்சியம் என்றால் குறையொன்றுமில்லை என்பது பொருள். வரைபை வரைந்தான். நடுவே, எந்த நூலுங் கூறாத இடத்தில் ஒரு சிகரம்! அறிந்த விதிகளுக்குள்ளே ஒருவரும் காணாத ஒன்று ஒளிந்திருந்ததோ என்று அன்றிரவு அவன் உறங்கவில்லையாம்.

அவனுடைய பேராசிரியர் மகிழவுமில்லை, கடியவுமில்லை. முதலாங் கட்டின் விடையையும் ஐம்பதாங் கட்டின் விடையையும் அருகருகே வைத்துப் பார்க்கும்படி மட்டுஞ் சொன்னார். கடைசித் தசமதானம் வரை இரண்டும் ஒன்றே.

காரணம் எளிது. இத்தகைய செய்நிரல் மெய்யாகப் பகடை உருட்டுவதில்லை. விதை எண் என ஒன்றைக் கொடுத்தால், சூத்திரப்படி அதிலிருந்து மற்றைய எண்களை முளைக்கச் செய்யும். விதை ஒன்றாயின் விளைவும் ஒன்று. நூறு கட்டுக்கும் அவன் ஒரே விதையை இட்டிருந்தான். ஒருவனைப் பார்த்து நூறுபேர் எழுதிய விடைத்தாள்களே அவன் கையில் இருந்தவை. ஆயிரத்தில் தற்செயலாக எழுந்த சிறு மேடு நூறுமுறை அடுக்கப்பட்டுச் சிகரமாயிற்று. கணித்த வழுவோ உண்மையிற் பத்திலொன்று.

கணனியிற் குற்றமில்லை. பணித்ததைப் பணித்தபடி செய்தது. என்னை உறுத்துவது வேறொன்று. அந்தச் சிகரம் தோன்றாதிருந்தால் எவரும் கோவைகளைத் திறந்து பார்த்திருக்கமாட்டார். பொய்யான வழுவுடன் அந்த விடை ஆய்வேட்டில் ஏறி, அதனை நம்பி இன்னொருவர் மேலே கட்டியிருப்பார்.

வரிசையில் ஒவ்வொரு வேலைக்கும் கிடைக்கும் இலக்கத்தையே அதன் விதையாக இட்டு, முதலில் ஒன்றையும் பின்னர் பத்தையும் அனுப்பி ஒப்பிட்டுப் பார்த்தபின் நூறையும் மீண்டும் அனுப்பினான். வீணாய்ப் போனவையும் அவன் பங்கில் இறைத்த நீராகவே பதிவாகியிருந்தமையால் மூன்று நாட் காத்திருக்க நேர்ந்தது. நான்காம் நாள் வந்த வரைபிற் சிகரம் இல்லை.